பெயர்ப்பலகை விதிகளில் விடுபட்ட ஒரு வரி

கடைகளின் பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும் என்ற விதி புதியதன்று. ஆனால் 2025ஆம் ஆண்டில்தான் அதை நடைமுறைப்படுத்தும் முயற்சி வேகம் பெற்றது. மே மாதத்தைக் கெடுவாகக் குறிப்பிட்டு, பல மாவட்டங்களில் ஆட்சியர்களும் தொழிலாளர் துறையினரும் வணிகர்களை அழைத்துப் பேசினர். தஞ்சாவூர் – புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் அமைந்த கந்தர்வக்கோட்டை போன்ற வட்டத் தலைநகரங்களின் கடைவீதிகளையும் இந்த விதி கட்டுப்படுத்துகிறது. பழைய பலகை இறங்கிப் புதிய பலகை ஏறுகிற இக்காலத்தில் ஒரு கேள்வியை நாம் எழுப்ப வேண்டியிருக்கிறது. எந்த மொழி முதலில் வர வேண்டும், எந்த எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நுணுகிச் சொல்லும் விதி, அதே பலகையில் எழுதப்படும் சாதிப் பெயரைப் பற்றி ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை?

முதலில் விதியைப் பார்ப்போம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 1948இல் வந்தன. அவ்விதிகளில் 15ஆம் விதிதான் பெயர்ப்பலகையைப் பற்றியது. பலகையில் தமிழ் முதன்மையாக இடம்பெற வேண்டும். பிற மொழிகளையும் எழுத விரும்பினால் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும். தேநீர்க் கடையும் உணவகமும் 1958ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதன் விதிகளிலும் இதே கட்டளை உண்டு. மீறினால் வழக்குத் தொடரவும் அபராதம் விதிக்கவும் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு அதிகாரம் இருக்கிறது.

விளம்பரப் பலகைகளுக்கு வேறு விதிகள். நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் 2023இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் விதிகள் அனுமதி, கட்டணம், பலகையின் அளவு, இரும்புச் சட்டத்தின் உறுதி ஆகியவற்றை வகுக்கின்றன. கிராம ஊராட்சிகளுக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் இருக்கிறது. இவை மாற்றப்பட்டதும் கடுமையாக்கப்பட்டதும் பெரும்பாலும் உயிர்ப் பலிகளுக்குப் பிறகே. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சட்டவிரோதப் பேனர் சரிந்து இளம் பொறியாளர் சுபஸ்ரீ உயிரிழந்தார். 2023 சூனில் கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே பலகை சரிந்து அதைப் பொருத்திக்கொண்டிருந்த தொழிலாளர் மூவர் மாண்டனர். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் 17 பேர். பலகையின் எடை உயிரைப் பறிக்கும் என்பதை அரசு புரிந்துகொண்டது. பலகையில் எழுதப்பட்டிருப்பது ஒரு மனிதரை வாசலிலேயே நிறுத்திவிடும் என்பதை மட்டும் எந்த விதித் திருத்தமும் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த விதிகளுக்குள் ஒரு கொள்கை அடங்கியிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். கடை தனியார் உடைமை. பலகையும் அவருடைய பணத்தில் செய்யப்பட்டதே. ஆனாலும் அது பொதுச் சாலையைப் பார்த்து நிற்பதால் பொதுவிவகாரம் என்று அரசு பல ஆண்டுகளாகக் கூறிவருகிறது. மொழிக்காகத் தலையிட உரிமையுள்ள அரசு சாதிக்காகத் தலையிட முடியாது என்பதற்குச் சட்டத்தில் எந்த அடிப்படையும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தில் தீண்டாமையை ஒழிக்கும் உறுப்பு 17 இருக்கிறது. கடைப் பலகையின் மொழி பற்றித் தனி உறுப்பு ஏதுமில்லை. தமிழுக்கான விதி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த விதியே நம் கோரிக்கைக்கு வலிமையான முன்னுதாரணம் என்கிறோம்.

பலகை செய்த வேலை

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உணவகங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் பேருந்துகளிலும் பஞ்சமர்களுக்கு இடமில்லை என்பது எழுதியும் எழுதாமலும் நடைமுறையில் இருந்தது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடங்கள் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு அது அரசிதழிலும் வந்தது. தீர்மானம் காகிதத்தில் நின்ற ஊர்களே அதிகம். அதை நடைமுறையாக்கிய ஓர் எடுத்துக்காட்டு நம் பக்கத்து மாவட்டத்தில் கிடைக்கிறது. இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்து செய்யப்படும் என்று உத்தரவிட்டார். பேருந்து முதலாளிகளின் மனம் மாறும்வரை அவர் காத்திருக்கவில்லை. அவர்களுடைய உரிமத்தில் கைவைத்தார். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைச் சேர்க்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்த மாநாடு அது. சென்னையின் புகழ்பெற்ற கடைவீதியான பாண்டி பசார் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

அடுத்தது இரயில் நிலையங்கள். அங்கிருந்த உணவுச் சாலைகளில் பிராமணாளுக்கு ஓர் இடம், இதராளுக்கு ஓர் இடம் எனத் தனித்தனிப் பலகைகள் தொங்கின. பெரியாரும் அவருடைய இயக்கத்தினரும் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக 1941இல் இரயில்வே நிர்வாகம் அவற்றை அகற்றியது. நிர்வாகம் முடிவெடுத்ததும் பலகை இறங்கியது.

தனியார் உணவகங்களில் அப்படி நடக்கவில்லை. 1957 மே மாதம் திருவல்லிக்கேணி முரளீஸ் கபேயின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கக் கோரிப் பெரியார் போராட்டம் அறிவித்தார். நாள்தோறும் தொண்டர்கள் அணியணியாகச் சென்று கைதானார்கள். மாதக்கணக்கில் நீடித்த அப்போராட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். 1958இல்தான் அந்தச் சொல் பலகையிலிருந்து போனது. இரயில் நிலையத்தில் ஓர் உத்தரவு செய்த வேலையைத் தெருவோரக் கடையில் செய்ய ஆயிரம் பேர் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. அதன் பிறகாவது ஒரு விதி எழுதப்பட்டதா என்றால் இல்லை. 2012இல், அன்றைய முதலமைச்சரின் சொந்தத் தொகுதியான திருவரங்கத்தில், 'பிராமணாள் கபே' என்ற பலகை மீண்டும் தோன்றியது. திராவிடர் கழகம் மீண்டும் தெருவுக்கு வந்து போராடியது. 55 ஆண்டு இடைவெளியில் இரு போராட்டங்கள், ஒரே சொல்லுக்காக.

இந்த வரலாற்றைத் தலித் நோக்கில் படிக்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. 'பிராமணாள்', 'இதராள்' என்ற இரண்டு பலகைகளுக்குள்ளும் சேரி மக்கள் அடங்கவில்லை. இதராள் என்று எழுதப்பட்ட வாசல் தமக்கும் உரியது என்று ஒரு பறையரோ பள்ளரோ அருந்ததியரோ நம்பி உள்ளே போகக்கூடிய நிலை அன்று இல்லை. ஆகவே முதல் பலகையை அழித்ததோடு கதை முடிந்துவிட்டது என்று கொண்டாடும் எழுத்துகளை நாம் சற்று எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். பிராமணாள் என்ற சொல் இன்று அருகிவிட்டது. அதன் இடத்தில் ஆதிக்க இடைநிலைச் சாதிகளின் பெயர்களைத் தாங்கிய உணவகங்களும் மண்டபங்களும் அடகுக் கடைகளும் ஊர்தோறும் பெருகியுள்ளன.

சட்டம் எங்கே நிற்கிறது

அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு 15(2) கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் இது விவாதிக்கப்பட்டபோது, கடை என்ற சொல்லின் பொருளை அம்பேத்கர் விளக்கினார். சரக்கு விற்கும் இடத்தை மட்டும் அது குறிக்கவில்லை. சேவை தர முன்வருகிற எல்லா இடங்களையும் அது உள்ளடக்கும் என்பது அவருடைய விளக்கம். முடிதிருத்தகமும் சலவைக் கடையும் அந்த விளக்கத்தால்தான் உள்ளே வந்தன. தீண்டாமையை ஒழிக்கும் உறுப்பும் அதே நாளில்தான் ஏற்கப்பட்டது.

இதைச் செயல்படுத்த 1955இல் வந்தது தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆயிற்று. இதன் 4ஆம் பிரிவு கடையிலும் உணவகத்திலும் நுழையத் தடை விதிப்பதையும், அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த மறுப்பதையும் குற்றமாக்குகிறது. இரட்டைக்குவளை முறை நேரடியாக இதற்குள் வரும். 6ஆம் பிரிவு பொருள் விற்கவோ சேவை தரவோ மறுப்பதைக் குற்றமாக்குகிறது. 7ஆம் பிரிவு, பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ கண்ணுக்குத் தெரியும் உருவங்களாலோ தீண்டாமையைத் தூண்டுவதையும் ஊக்குவிப்பதையும் தண்டிக்கிறது. 8ஆம் பிரிவு நம்மில் பலர் கவனிக்காத ஒன்று. 6ஆம் பிரிவின் கீழ் தண்டனை பெற்றவர் தம் தொழிலுக்கு உரிமம் வைத்திருந்தால், அந்த உரிமத்தை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடலாம். சௌந்தரபாண்டியன் செய்ததைத்தான் சட்டம் நீதிமன்றத்தின் கையில் கொடுத்திருக்கிறது.

ஆனால் 'தண்டனை பெற்றவர்' என்ற நிபந்தனையில்தான் சிக்கல். புகார், முதல் தகவல் அறிக்கை, சாட்சி, தீர்ப்பு எல்லாம் கடந்த பிறகே உரிமத்தைத் தொட முடியும். புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தி வெளிவந்து, அன்றைய ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் சென்றபோதுதான் இறையூர் தேநீர்க் கடையின் இரட்டைக்குவளை வழக்காகப் பதிவானது. அதுவரை அந்தக் கடை வாசலைக் கடந்து சென்ற எத்தனையோ அலுவலர்களில் எவருடைய ஆய்வுப் படிவத்திலும் குவளை பற்றிய கேள்வி இல்லை. பலகையின் எழுத்தளவைக் கேட்கும் படிவம் குவளையைப் பற்றிக் கேட்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இம்மாவட்டத்தில் ஆறில் ஒருவருக்கும் மேல் பட்டியல் சாதியினர். கந்தர்வக்கோட்டையோ 2011 தேர்தலிலிருந்து தனித் தொகுதி. அவ்வளவு பேருடைய அன்றாடத்தைத் தொடும் கேள்வி அது.

சாதி எழுதப்பட்ட பலகைக்கும் இரட்டைக்குவளைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். சாதிப் பலகை தொங்கும் கடைகளிலெல்லாம் குவளைப் பாகுபாடு இருக்கிறது என்பதல்ல நம் வாதம். இறையூர்க் கடைக்குச் சாதிப் பலகை தேவைப்படவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வந்து இறங்கும் ஒரு தலித் மாணவர் அப்படிப்பட்ட பலகையைப் பார்த்ததும், உள்ளே போகலாமா, அருகிலிருக்கும் வேறு கடையைத் தேடலாமா என்று ஒரு கணம் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை உண்டாக்கும் எழுத்தைக் குற்ற வழக்கால் அகற்றுவது கடினம். 7ஆம் பிரிவின்படி 'தூண்டுதல்' என்று மெய்ப்பிக்க வேண்டும். விதியில் ஒரு வரி இருந்தால் ஆய்வாளர் அறிவிப்பு அனுப்பிப் பலகையை மாற்றச் சொல்லலாம். யாரையும் சிறைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

மறுப்புகள்

நம் நண்பர்களே சில மறுப்புகளை எழுப்புகின்றனர். நாடார் வணிகர்களின் பலகையை என்ன சொல்வீர்கள் என்பது ஒன்று. கமுதி கோயிலில் 1897இல் நுழைந்ததற்காக வழக்குத் தொடுக்கப்பட்டு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் தோற்ற சமூகம் அது. 1899இல் சிவகாசியில் தாக்கப்பட்டதும் அதே சமூகம்தான். தம் பெயரைக் கடை வாசலில் எழுதியது அவர்களுக்கு ஒரு காலத்தில் தலைநிமிர்வாக இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. வரலாற்றில் ஒரு சாதிப் பெயரின் பொருள் மாறுகிறது. நேற்றைய தலைநிமிர்வு இன்று வேறொருவருக்கு மூடிய கதவாகலாம். விதி எழுதும்போது ஒருவருக்கு மட்டும் விலக்குக் கொடுப்பது முறையாகாது. சௌந்தரபாண்டியனே தம் பெயரிலிருந்து நாடார் என்பதை விட்டவர்.

வட்டாரப் பெயர்கள் வேறு. செட்டிநாடு, கொங்கு போன்றவை நிலத்தின் பெயர்கள். அவற்றைத் தடுக்கச் சொல்வது வீண் சண்டை. எல்லைக்கோட்டில் சில வழக்குகள் வரத்தான் செய்யும். 'ஐயங்கார் பேக்கரி' என்பது இன்று ஒரு பண்டத்தின் வகைப்பெயராகிவிட்டதே என்பார்கள். முட்டையில்லாத கேக் என்று எழுதினால் வாடிக்கையாளருக்கு வேண்டிய தகவல் முழுதாகக் கிடைத்துவிடுகிறது. சாதிப் பெயர் கூடுதலாகச் சொல்வது தூய்மையைப் பற்றிய ஒரு பழைய உறுதிமொழி மட்டுமே.

மிக முக்கியமான மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. பலகையில் என்ன இருக்க வேண்டும் என்று அரசைத் தீர்மானிக்க விட்டால், நாளை அது நமக்கு எதிராகவே திரும்பாதா? திரும்பியிருக்கிறது. 2024 சூலையில் உத்தரப் பிரதேசத்தில் காவடி யாத்திரை செல்லும் வழியிலுள்ள உணவுக் கடைகள் உரிமையாளரின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. வட மாநிலங்களில் பெயரே சாதியையும் மதத்தையும் சொல்லிவிடும். முசுலிம்களையும் தலித்துகளையும் அடையாளம் காட்டும் உத்தரவு அது. சூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது; என்ன வகை உணவு என்று எழுதச் சொல்லலாம், யார் உரிமையாளர் என்று எழுத வற்புறுத்தக் கூடாது என்பது அதன் சாரம். அதே உத்தரப் பிரதேச அரசு, 2025 செப்டம்பரில், அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பையொட்டி, சாதியைப் பெருமைப்படுத்தும் பலகைகளையும் வாகன ஒட்டிகளையும் அகற்ற உத்தரவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்தால் நமக்கு வேண்டிய கோடு தெளிவாகிறது: அடையாளத்தை வெளியிட எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, சாதியை வணிகத் தகுதியாக விளம்பரப்படுத்த எவருக்கும் அனுமதி கூடாது. உணவில் குறையிருந்தால் உரிமையாளரைக் கண்டுபிடிக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் போதும்.

பலகை இல்லாத கடைகள்

இன்னொரு கேள்வி நம்மை உறுத்துகிறது. ஆதிக்கச் சாதிப் பெயரில் உணவகங்கள் எத்தனையோ உண்டு. பட்டியல் சாதி ஒன்றின் பெயரைத் தாங்கிய உணவகத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? சிலருக்குச் சாதி முதலீடு. சிலருக்கு அது வெளியே தெரிந்தால் மறுநாள் பால் கணக்கே மாறிவிடும் சரக்கு.

கோலாப்பூரில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அரண்மனையில் பணியாற்றிய கங்காராம் காம்பளே என்ற மகர் சமூகத்தவர், தண்ணீர்த் தொட்டியைத் தொட்டதற்காக அடிக்கப்பட்டார். மன்னர் சாகு மகராஜ் அவருக்குத் தேநீர்க் கடை வைக்க உதவினார். தாமே அங்கு வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்தினார், உடன் வந்தவர்களையும் அருந்தச் செய்தார். கடையில் உன் பெயரையும் சாதியையும் ஏன் எழுதவில்லை என்று மன்னர் கேட்டபோது, கடைக்காரன் தன் சாதியை வாசலில் எழுதி வைப்பது அவசியமா என்று காம்பளே திருப்பிக் கேட்டாராம். நூறாண்டுக்கு முன் ஒரு தேநீர்க் கடைக்காரர் கேட்டது அது.

இன்று தாட்கோ வழியாகக் கடன் கிடைக்கிறது. 2023இல் தொடங்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு. கடன் கிடைத்தாலும் கடைவீதியில் வாடகைக்கு இடம் கிடைக்க வேண்டும். இடம் கிடைத்தாலும் வாடிக்கையாளர் வர வேண்டும். வணிகம் செய்யவிடாமல் தடுப்பதும் பொருளாதாரப் புறக்கணிப்பும் 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றங்கள். பக்கத்துக் கடையின் சாதிப் பலகை அந்தப் புறக்கணிப்புக்கு ஓசையில்லாமல் வழிகாட்டும்போது அதைப் புறக்கணிப்பு என்று யாரும் பதிவு செய்வதில்லை.

அரசு சில திசைகளில் நகர்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. தெருவின் பெயர்ப்பலகையில் சாதி போகும். அதே தெருவில் நான்கு மடங்கு பெரிய மின்னொளிக் கடைப்பலகையில் அது நிற்கும். இப்படியொரு முரணை அதிகாரிகள் எப்படி விளக்குவார்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறது.

செய்யக்கூடியவை

விதியைத் திருத்தச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. 1948 விதிகளையும் உணவு நிறுவன விதிகளையும் திருத்தும் அதிகாரம் அரசிடமே, அதாவது தொழிலாளர் நலத் துறையிடமே இருக்கிறது. நாம் முன்வைக்கும் வரி இது: 'வணிக நிறுவனத்தின் பெயரிலோ பெயர்ப்பலகையிலோ விளம்பரத்திலோ எந்தச் சாதியின் பெயரும் பட்டமும் இடம்பெறக் கூடாது, உரிமையாளரின் பெயரை எழுதுமாறு எவரையும் வற்புறுத்தக் கூடாது.' பழைய பலகைகளை மாற்ற ஓராண்டுக் கால அவகாசம் கொடுக்கலாம். பலகை செய்ய ஆகும் செலவு சிறு கடைக்காரருக்குச் சுமைதான். தமிழ்ப் பலகைக்காக மாற்றும்போதே இதையும் மாற்றினால் இருமுறை செலவில்லை. அதனால்தான் இப்போதே கேட்க வேண்டும் என்கிறோம்.

இரண்டாவது வரி உணவகங்களுக்கும் முடிதிருத்தகங்களுக்கும் உரியது. சாதிப் பாகுபாடு தண்டனைக்குரிய குற்றம் என்ற அறிவிப்பும், வன்கொடுமைத் தடுப்புக்கான தேசிய உதவி எண் 14566உம் வாசலில் தெரியும்படி எழுதப்பட வேண்டும். ஆய்வாளரின் படிவத்தில் குவளை, இருக்கை, பரிமாறும் இடம் பற்றிய கேள்விகள் சேர்க்கப்பட வேண்டும்.

கந்தர்வக்கோட்டைப் பகுதித் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் சென்னையின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்திடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: கடந்த ஆண்டில் எத்தனை உணவு நிறுவனங்கள் ஆய்வு செய்யப்பட்டன? பெயர்ப்பலகை தொடர்பாக எத்தனை அறிவிப்புகள் அனுப்பப்பட்டன? ஆய்வுப் படிவத்தின் நகல் கிடைக்குமா? மூன்றாவது கேள்விக்கான விடையே நமக்கு அதிகம் பயன்படும். ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோதும் கிராம சபை என்ற அமைப்பு கலைந்துவிடவில்லை. அங்கே தீர்மானம் கொண்டுவரலாம். அது விதியைத் திருத்தாது. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டு, நகல் பெறப்பட்டு, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனுவோடு இணைக்கப்பட்டால், அதற்கு ஒரு பதில் எழுத வேண்டிய கடமை அலுவலகத்துக்கு வரும். மனுவின் ஒப்புகை எண்ணை வாங்காமல் வரக் கூடாது.